நெய் அடங்கும் சத்தம்

பூவாத்தாளின் புருஷன் பவானிசாகர் அணை கட்டும் வேலைக்குப் போனவன். சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறும்போது, "அணை முடிஞ்சதும் வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அணை முடிந்தது. தண்ணீர் தேங்கியது. கால்வாய் ஓரமெல்லாம் நெல் நட்டார்கள். அவன் வரவில்லை. மைசூர்ப் பக்கம் வேறு குடித்தனம் வைத்துவிட்டான் என்று ஒருவர் சொன்னார்; இல்லை, பாறைக்கு வெடி வைத்தபோது போய்ச் சேர்ந்துவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். எதை நம்பித் தாலியை என்ன செய்வது என்று தெரியாமல் பூவாத்தாள் அதைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தாள். அண்ணி ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆனால் பூவாத்தாள் களி உருண்டையில் கை வைக்கிற ஒவ்வொரு தடவையும் அண்ணியின் கண் வட்டிலுக்கு வந்துவிட்டுப் போகும். பிள்ளையும் இல்லை, நிலமும் இல்லை. ஒரு நாள் காலையில் மாற்றுச் சேலையையும் பித்தளை வட்டிலையும் துணியில் முடிந்துகொண்டு ஊத்துக்குளிக்கு நடந்துவிட்டாள்.

ஊத்துக்குளியில் வேலை கிடைக்காவிட்டாலும் வெண்ணெய் கிடைக்கும் என்பார்கள். சுற்றுவட்டாரத்து எருமைகளின் வெண்ணெயெல்லாம் அங்கேதான் வந்து சேரும். சந்தை நாளில் பெண்டுகள் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் வெண்ணெய் உருண்டைகளை மிதக்கவிட்டுத் தலையில் சுமந்து வருவார்கள். ரயிலடிக்குப் பின்னால் அழகிரிசாமி நாயுடுவின் நெய்க்கொட்டகை இருந்தது. அங்கே அண்டாவில் நெய் காய்ச்சி டின்னில் அடைத்துக் கோயம்புத்தூருக்கு ரயிலேற்றுவார்கள். பூவாத்தாள் முதலில் வெண்ணெய் கழுவும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். அடுப்படி ஆள் ஈரோட்டுப் பக்கம் போய்விடவே, அடுப்பு அவள் கைக்கு வந்தது. கொட்டகையின் பின்கட்டில் சாக்குகள் அடுக்கியிருந்த அறையில் படுத்துக்கொள்ள இடமும் கிடைத்தது. வேலை போனால் அந்த இடமும் போய்விடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வெண்ணெயைப் பார்த்தால் வெறும் நெய் உறைந்து கிடக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் எத்தனை இறுக்கிப் பிழிந்தாலும் அதற்குள் தண்ணீர் பொடிப்பொடியாக ஒளிந்திருக்கும். கொஞ்சம் மோரின் திப்பியும் இருக்கும். அந்தத் தண்ணீரைக் கிளப்பிவிட்டு நெய்யை மட்டும் நிறுத்திக்கொள்வதுதான் காய்ச்சுகிற வேலை. தண்ணீருக்கென்று ஒரு சூடு உண்டு. அது வந்ததும் தண்ணீர் ஆவியாகக் கிளம்பிவிடும். நெய்க்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை, அது பாட்டுக்குக் கிடக்கும். கிளம்புகிற தண்ணீர் சும்மாவும் போகாது. அடுப்பு கொடுக்கிற சூட்டையெல்லாம் தன்னோடு வாரிக்கொண்டு போகும். அதனால் அண்டாவில் தண்ணீர் இருக்கிற வரை வெள்வேல விறகை எவ்வளவு தள்ளினாலும் நெய் அந்தச் சூட்டை விட்டு மேலே ஏறாது. கொதி மும்முரமாகும், அவ்வளவுதான். தண்ணீர் தீர்ந்துவிட்டால் பிறகு பிடிக்க ஆளில்லை. சூடு கிடுகிடுவென்று ஏறும். அடியில் தங்கிய கசண்டு பொன்னிறமாகி, சிவந்து, ஒரு மூச்சு அசந்தால் கருகிப்போகும். சீக்கிரம் இறக்கினால் தண்ணீர் தங்கி நெய் ஊசிப்போகும். தாமதித்தால் தீய்ந்த வாடை. நடுவில் இருக்கிற சின்ன சந்துதான் அவளுடைய வேலை.

அந்த இடுக்கை அவள் காதால் பிடிப்பாள். உருகிய வெண்ணெய் முதலில் நுரைத்துப் பொங்கும். பிறகு காய்ந்த பனையோலைக் கூரையில் மழை விழுகிற மாதிரி சடசடவென்று இரைச்சல். அது தேய்ந்து, உப்பு வெடிக்கிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொரியும். அப்புறம் நின்றுவிடும். அந்த அமைதி வந்ததும் ஒரு கை முருங்கைக்கீரையைப் போட்டு, அது மொறுமொறுத்தவுடன் விறகை இழுத்துவிடுவாள். "நெய் அடங்கிப்போச்சுங்க" என்று அவள் குரல் கொடுத்தால் டின்கள் வந்து நிற்கும்.

டின் கழுவுகிற ரம்ஜான் பீவிதான் அவளுக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை. பீவி வாயை மூடி ஒருவரும் பார்த்ததில்லை. புருஷன், மாமியார், ரயிலடி டீக்கடைக்காரன், அவனுடைய ஆடு என்று எல்லோரையும் நடித்துக் காட்டுவாள். பூவாத்தாள் பேசுவது குறைவு. ஆனால் சிரிப்பாள். பீவிக்கு அந்தச் சிரிப்பே போதும்.

ஐம்பத்தேழில் ஊரெங்கும் ஒரு காய்ச்சல் வந்தது. பூவாத்தாளும் சாக்கு அறையில் கிடந்து எழுந்தாள். எழுந்த பிறகு காதில் வண்டு ரீங்கரிப்பது போல ஒன்று இருந்துகொண்டே இருந்தது. குருவிகளின் சத்தம் இல்லை. கொட்டகை ஓரத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள், அதனால் குருவி போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். பீவி பேசுவது வாய்க்குள் துணி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. நாயுடுவின் கட்டைக்குரல் மட்டும் நன்றாகவே கேட்டது. ரயில் வருவதும் கேட்டது. ஆகவே காதில் குறை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அண்டாவிலும் இரைச்சல் சீக்கிரம் அடங்கத் தொடங்கியது. இந்த வருஷம் பெண்டுகள் வெண்ணெயை நன்றாகப் பிழிந்து கொண்டுவருகிறார்கள், தண்ணீரே இல்லை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். கீரை மொறுமொறுக்காமல் துவண்டு கிடந்தபோது, மழைக்காலத்து இளங்கொழுந்து அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

தை மாதம் பீளமேட்டுக் கல்யாண வீடு ஒன்றிலிருந்து நெய் டின்கள் ரயிலில் திரும்பி வந்தன. நாயுடு ஒன்றைத் திறந்தார். திறந்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் தண்ணீர் கோத்துக்கொண்டு, புளித்த வாடை கொட்டகை முழுக்கப் பரவியது.

"தேவுடா! இதென்ன நெய்யா, கழுநீரா?" என்றார். "எங்கப்பன் காலத்துல இருந்து ஒரு டின்னு திரும்பி வந்ததில்லை."

அழகிரிசாமி நாயுடு கெட்டவர் அல்ல. ஆனால் எதையும் உடனே செய்தாக வேண்டும் என்கிற சுபாவம். சூடு பார்க்கக் கண்ணாடிக் குழாய் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் மருந்துக்கடைக்குப் போய் ஒரு குழாய் வாங்கிவந்தார். காய்ச்சலுக்கு நாக்கடியில் வைக்கிற குழாய் அது. அதை அப்படியே கொதிக்கிற அண்டாவுக்குள் விட்டார். பட்டென்று உடைந்தது. பாதரசம் உருண்டு நெய்க்குள் போய்விட்டது. அந்த அண்டா நெய் முழுவதையும் ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று.

"மொதலாளி நெய்யோட நாக்கத் தேடிப் பாத்தாருங்க, கெடைக்கலீங்க" என்று பீவி நாயுடுவைப்போலவே வேட்டியை மடித்துக் கட்டுகிற பாவனை செய்து காட்டினாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பூவாத்தாளும் சிரித்தாள். பாவனை புரிந்தது. சொன்னது என்னவென்று புரியவில்லை.

மறுநாள் அடுப்பில் அண்டா ஏறியது. நுரை பொங்கியது, இரைச்சல் வந்தது, சீக்கிரமே அடங்கியது. பூவாத்தாள் கீரையைக் கையில் எடுத்தாள். அப்போது டின் எடுக்க வந்த பீவி, "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். நெய் தெறித்திருந்தது. அடங்கிய நெய் தெறிக்காது. பூவாத்தாள் குனிந்து பார்த்தாள். அண்டா முழுக்கக் குமிழ்கள் கிளம்பிக் கிளம்பி உடைந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கும் சத்தமில்லை.

"பீவி, சத்தம் கேக்குதா?"

"எந்தச் சத்தம்?"

"நெய்யி."

"கேக்காம? காதக் கிழிக்குதே! ஏனக்கா, வெளையாடறியா?"

பூவாத்தாள் பீவியின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "ஆமா, சும்மா கேட்டேன்" என்று சொல்லிக் கீரையைத் திரும்பக் கூடையில் போட்டாள்.

அடங்கியது நெய் அல்ல என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அவள் ஒளிக்கத் தொடங்கினாள். யாராவது பேசினால் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். மற்றவர்கள் சிரிக்கும்போது அவர்கள் முகம் விரிவதைப் பார்த்து ஒரு நொடி பிந்திச் சிரித்தாள். முதுகுப் பக்கம் யாரும் வராதபடி சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். பீவி கதையை ஆரம்பித்தால் விறகு எடுக்கப் போய்விடுவாள். தப்பான இடத்தில் சிரித்துவிட்டால் தெரிந்துபோகும் என்ற பயம். பீவி சில நாள் பார்த்தாள்.

"அடுப்புக்கார அம்மணிக்கு இப்பெல்லாம் ராங்கி ஏறிப்போச்சு. நம்ம பேச்சு எறங்கறதில்ல" என்று தண்ணீர்த் தொட்டியிடம் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, டின்களை எடுத்துக்கொண்டு கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். பூவாத்தாள் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. பீவியின் முதுகை மட்டும் பார்த்தாள்.

அண்டாவை என்ன செய்வது? குமிழைப் பார்க்கலாம் என்றால் நுரை மறைத்தது. நிறத்தைப் பார்க்கலாம் என்றால் புகையும் இருட்டுமான கொட்டகையில் நிறம் தெரியும்போது காரியம் கெட்டிருக்கும். சாப்பிட்ட வட்டிலைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு ஒரு நாள் அடுப்பைத் தாண்டியபோது, அண்டாவின் மேலே போன வட்டிலின் அடிப்புறம் சட்டென்று வியர்த்தது. திருப்பிப் பார்த்தாள். முத்து முத்தாகத் தண்ணீர். நாக்கில் வைத்தாள். நெய்யின் வாசம் இருந்தது, ஆனால் தண்ணீர்தான். வெண்ணெயை விட்டுக் கிளம்பிய தண்ணீர், குளிர்ந்த பித்தளையைத் தொட்டதும் மறுபடி தண்ணீராகி நின்றது.

அன்று அவள் வட்டிலைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கி, துளி ஈரமில்லாமல் துடைத்து, அண்டாவின் மேல் சாய்த்துப் பிடித்தாள். நேராகப் பிடித்தால் சொட்டு நெய்க்குள் விழுந்து மூஞ்சியில் தெறிக்கும். வியர்த்தது. துடைத்து, குளிரவைத்து, மறுபடி பிடித்தாள். வியர்வை குறைந்தது. பிறகு ஒரு தடவை வட்டில் காய்ந்தே வந்தது. விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தது. கீரையைப் போட்டாள். மொறுமொறுவென்று சுருண்டு மேலே வந்தது. அந்த நெய் மாசக்கணக்கில் மணல் மணலாக உறைந்து கிடந்தது. யாரும் அவள் வட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை. இனி யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று அவள் மூச்சு விட்டாள்.

ஆனால் நாயுடுவின் மனசில் ஊசிப்போன நெய் அடங்கவில்லை. யாரோ வெண்ணெயில் தண்ணீரைப் பொதிந்து விற்றிருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். அந்தக் கல்யாண நெய்க்கு அதிக வெண்ணெய் கொடுத்தவள் சின்னாத்தாள். குன்னத்தூர்ப் பாதையில் ஒரு காட்டுச்சாளைக் குடிசையில் இருப்பவள். எருமையைத் தவிர வேறு பிழைப்பு இல்லாதவள். வாய் கொஞ்சம் நீளம்.

அடுத்த சந்தை நாளில் சின்னாத்தாள் சட்டியை இறக்கியதும், நாயுடு அதைத் தொடவில்லை.

"உன்ற வெண்ணெய் வேண்டாம் சின்னாத்தா. எடுத்துக்கிட்டுப் போ."

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"தண்ணிய வெண்ணெய்னு வித்தா என்ன ஆகும்? எம்பேரு கெட்டது போதும்."

"நானா? என்ற எருமை மேல சத்தியமுங்க! வேணும்னா பிழிஞ்சு பாருங்க!" சின்னாத்தாள் ஒரு உருண்டையைக் கையில் எடுத்து எல்லோர் முன்னாலும் பிசைந்தாள். "யாரோ செஞ்சதுக்கு என்ற தலைல கல்லத் தூக்கிப் போடறீங்களே, இது அடுக்குமுங்களா?"

மற்றப் பெண்டுகள் தங்கள் சட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். ஒரு மண்டியில் வேண்டாம் என்று சொன்ன வெண்ணெயை அடுத்த மண்டியிலும் எடுக்க மாட்டார்கள். ஊத்துக்குளியில் அதுதான் வழக்கம். பூவாத்தாள் அடுப்போரம் நின்று பார்த்தாள். நாயுடு சொன்னதில் பாதிக்கு மேல் கேட்டது. சின்னாத்தாள் சொன்னது கேட்கவே இல்லை. ஆனால் அவள் கைவிரல்களின் இடுக்கில் வெண்ணெய் பிதுங்குவது தெரிந்தது. வாய் சத்தமாகத் திறந்து திறந்து மூடியது. கடைசியில் மூடிக்கொண்டது. அவள் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு சட்டிக்குக் குனிந்தாள்.

பேசாமல் நின்றால் போதும். வட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, சாக்கு அறை இருக்கிறது. பூவாத்தாள் ஒரு கணம் அப்படித்தான் நின்றாள். பிறகு கால்கள் நடந்துவிட்டன.

"மொதலாளிங்க, வெண்ணெய் மேல தப்பு இல்லீங்க. நானுங்க முந்தி எறக்கிப்போட்டேன்."

"என்ன சொல்றே?"

"தண்ணி இருக்கும்போதே எறக்கிப்போட்டேனுங்க. சத்தம் நின்னுபோச்சுன்னு நெனச்சேன். நின்னது நெய்யில்லீங்க. என்ற காது."

சொல்லிவிட்டுத் தன் காதை விரலால் தொட்டுக் காட்டினாள். எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. பீவி டின்னைக் கீழே வைத்தாள்.

நாயுடு அவள் முகத்துக்கு நேராக வந்து, "எத்தனை நாளா?" என்றார்.

"காய்ச்சலு வந்ததுல இருந்துங்க."

"காது கேக்காதவள அடுப்புல வெச்சுக்கிட்டு நான் என்ன அம்மணி பண்றது? கொட்டகை தீப்புடிச்சா, எவன் கத்துனா உனக்குக் கேக்கும்?"

அவள் உள்ளே போய் வட்டிலை எடுத்துவந்தாள். "ஒருக்கா பக்கத்துல நின்னு பாருங்க. நெய் கெட்டா இன்னைக்கே போயிர்றேனுங்க."

அன்று சந்தை வெண்ணெய்தான் அண்டாவில் ஏறியது. சின்னாத்தாளின் சட்டியும் அதில் சேர்ந்தது. நாயுடு காதைச் சாய்த்துக்கொண்டு ஒரு பக்கம் நின்றார். பூவாத்தாள் வட்டிலைப் பிடித்துத் துடைத்து, பிடித்துத் துடைத்து மறுபக்கம் நின்றாள். நாயுடு வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார். வட்டில் காய்ந்து வந்ததும் பூவாத்தாள் கீரைக்குக் கையை நீட்டினாள். அதே நேரத்தில், சத்தம் நின்றுவிட்டது என்பது போல, நாயுடுவின் கை அவரை அறியாமல் மேலே எழுந்தது. அவள் கீரையைப் போட்டு, விறகை இழுத்தாள். நாயுடு அண்டாவையும் அவளையும் பார்த்துவிட்டு, "சரி, இரு" என்றார். "பீவி உன்ற கண்ணுக்கு நேரா உக்காரட்டும். ஏதாச்சும்னா அவ கைய ஆட்டுவா."

அப்படித்தான் அவள் இருந்தாள். அடுப்பும் சாக்கு அறையும் போகவில்லை. சின்னாத்தாள் மட்டும், தன் வெண்ணெய்க்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தவள் என்று அவளிடம் முகங்கொடுக்கவில்லை. சட்டியை இறக்குவாள், திரும்புவாள், போய்விடுவாள். ஊரில் பூவாத்தாளுக்குச் செவிட்டுப் பூவா என்று பேர் வந்தது. முதலில் சுருக்கென்றது. பிறகு அதில் ஒரு ஆறுதல் இருப்பதும் தெரிந்தது. பிந்திச் சிரிக்க வேண்டியதில்லை. சுவரைத் தேட வேண்டியதில்லை.

பீவி கொஞ்ச காலம் உரக்கக் கத்திப் பார்த்தாள். அப்புறம் கையால் பேசினாள். மாமியாரைக் கையால் நடிக்கலாம், டீக்கடை ஆட்டை நடிக்கலாம். ஆனால் மாமியார் என்ன சொன்னாள், அதற்குப் பீவி என்ன சொன்னாள் என்பதைக் கையால் காட்ட முடியாது. கதைகள் சிறுத்துக்கொண்டே வந்தன. சோறு, தண்ணீர், விறகு, மொதலாளி வாரார் என்ற அளவில் வந்து நின்றன. அறுபதுகளில் கொட்டகைக்கு மின்விளக்கு வந்தபோது, நாயுடுவின் கட்டைக்குரலும் அவளுக்குப் போய்விட்டிருந்தது. ரயில் வருவதைக் காலடி மண்ணின் நடுக்கத்தில் தெரிந்துகொண்டாள். காதில் இருந்த வண்டும் என்றோ ஒரு நாள் போய்விட்டது. அது போனது அவளுக்கு மெல்லத்தான் தெரிந்தது. அதையும் ஒரு துணைபோல நினைத்திருந்தாளோ என்னவோ, தெரிந்த அன்று முழுதும் ஏதோ தொலைந்தது போலவே இருந்தது.

ஒரு சந்தை நாள், வெயில் ஏறிய நேரம். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ தோளைத் தொட்டார்கள். திரும்பினால் சின்னாத்தாள். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அடுப்படிக்கு வராதவள், வந்து நின்று ஏதோ சொன்னாள். சொன்னாள் என்றால் சாதாரணமாக இல்லை; கை ஆடியது, புருவம் ஏறி இறங்கியது, நடுவில் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று பூவாத்தாளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பழைய பூவாத்தாளாக இருந்தால் தலையாட்டியிருப்பாள்.

"கேக்கல அம்மணி. மெல்ல ஒருக்கா சொல்லு" என்றாள்.

சின்னாத்தாள் நின்றாள். மறுபடி சொன்னாள், வாயை அகலமாகத் திறந்து. பூவாத்தாள் உதட்டையே பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அடுப்பைக் காட்டி, 'கொஞ்சம் இரு' என்று கையால் சொல்லிவிட்டு வட்டிலைத் துடைக்கத் திரும்பினாள். நெய் அடங்கும் நேரம், விட முடியாது. கீரையைப் போட்டு விறகை இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது அடுப்படியில் யாரும் இல்லை.

பீவியைத் தேடிப் போய்க் கையைப் பிடித்தாள். "சின்னாத்தா என்ன சொன்னா? எதுக்கு வந்தா?"

பீவி கொஞ்சம் யோசித்தாள். இரண்டு கைகளையும் தலையின் இருபுறமும் கொம்பாக வளைத்தாள். பிறகு கீழே கையைத் தாழ்த்தி, சின்னதாக ஒன்று எழுந்து நிற்கப் பார்த்துத் தடுமாறி விழுவதைக் காட்டினாள். விரலை நீட்டி ஒன்று என்றாள். இன்னொரு விரலையும் நீட்டி இரண்டு என்றாள். கண்ணை அகல விரித்தாள்.

எருமை இரட்டைக் கன்று போட்டிருக்கிறது.

அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள். அந்தச் சந்தையில் எத்தனையோ பேர் இருக்க, தன்னிடம் வந்து சொல்லியிருக்கிறாள். பூவாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது; தடுமாறுகிற இரண்டு கன்றுகளும் கண்ணில் வந்து நின்றன. எது கடா, எது கிடாரி, எது முதலில் எழுந்து நின்றது என்று கேட்க வேண்டும்போல இருந்தது. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு ஓடி வந்தாள்.

குன்னத்தூர்ப் பாதையில் சின்னாத்தாள் வெகுதூரம் போய்விட்டிருந்தாள். காலிச்சட்டி தலையில் இருந்தது. பூவாத்தாள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எவ்வளவு உரக்கக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சட்டி திரும்பவில்லை. அது சின்னதாகி, வெயிலில் மங்கி, பனைகளுக்கு அப்பால் போகிற வரை வாசலில் நின்றாள்.